தைக்கப் பழகியாச்சு, அடுத்து ஓவர்லாக் மெஷின் வாங்கலாமா?

ஒரு வருஷமாக வீட்டிலேயே துணி தைக்கிறீர்கள், அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் சாதாரண மெஷின் ஒன்று, அதோடு வந்த ஊசிகள், காகிதமும் துணியும் வெட்டும் ஒரே கத்தரிக்கோல், இவ்வளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் நேராக ஓவர்லாக் வாங்கினேன். ஓரத்தை வெட்டிக்கொண்டே பின்னிவிடும், பிசிறு நிற்காது. ஆனால் அதன் பிறகு தைத்த சட்டையும் பழையபடிதான் இருந்தது. காலர் முனை மழுங்கல், கை மூட்டிய இடத்தில் சுருக்கம். பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழுந்தது. பழைய மெஷினையும் மாற்றிவிடலாம் என்று இருந்தபோது, தையல் தொழில் செய்யும் என் சித்தி ஊசியைக் கழற்றி, முனையைத் தன் நகத்தில் மெதுவாக இழுத்தார். நகத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது, முனை கெட்டிருந்தது. "இதை வச்சுக்கிட்டா மெஷினைத் திட்டுற?" என்றார். உருண்டை முனை ஊசி போட்டதும் தையல் சீராக விழுந்தது. அது இழையைக் குத்தாமல் விலக்கி இறங்கும். இப்போது சுமார் 8 மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றிவிடுகிறேன். மெல்லிய துணிக்கு 70 எண் ஊசி, சட்டைத் துணிக்கு 80, ஜீன்ஸுக்கு 100. 80 என்றால் தண்டின் தடிமன் 0.8 மி.மீ.

அடுத்தது இஸ்திரி. ஒரு தையலின் குறுக்கே இன்னொரு தையல் போடும் முன், முதல் தையலைத் தேய்த்தே ஆக வேண்டும். முதலில் தைத்தபடியே படுக்கவைத்து, அப்புறம் துணியின் ஓரங்களை இரு பக்கமும் விரித்து. தோள், கைக்குழி போன்ற வளைவுகளுக்கு, கெட்டியான பருத்தித் துணியில் மரத்தூளை இறுக்கி அடைத்து ஒரு தலையணை செய்துகொண்டேன். என் சட்டையின் கை சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது அதன் பிறகுதான்.

ஓவர்லாக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பனியன் துணி நிறையத் தைப்பவர்களுக்கு அது நிஜமாகவே உதவும். வரிசையைத்தான் சொல்கிறேன்.

துணிக்கென்று தனியாக நல்ல கத்தரிக்கோலும் வேண்டும். கைப்பிடி வளைந்ததாக வாங்குங்கள், கீழ் அலகு மேசையோடு படிந்து போகும், துணி தூக்காது. இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது, நான் இடக்கைக்காரி. "இரண்டு கைக்கும் பொருந்தும்" என்று விற்றதை நம்பி இரண்டு முறை ஏமாந்தேன். கைப்பிடி மட்டும்தான் பொது, அலகுகள் வலக்கைக்கு அமைந்தவை. வெட்டும் கோட்டை மேல் அலகு மறைக்கும், இடக்கையால் அழுத்தினால் அலகுகள் விலகித் துணி நடுவில் மடிந்துகொள்ளும். நீங்களும் இடக்கை என்றால், அலகும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.