என் தலை, என் இஷ்டம் என்று சொல்லலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. திருநெல்வேலியில் கடை வைத்திருக்கிறேன். தினமும் ஆறு வயது மகளை பைக்கில் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். ஹெல்மெட் போடவில்லை என்று 1,000 ரூபாய் அபராதம் போட்டுவிட்டார்கள். ஊரெல்லாம் டாஸ்மாக் நடத்தும் அரசுக்கு என் உயிர்மேல் திடீர் அக்கறையா? விழுந்தால் என் தலைதானே? மனைவியும் போலீஸ் பக்கமே பேசுகிறாள்.
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரருக்கு,

டாஸ்மாக் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. 2003-ல் சில்லறை மது விற்பனையைத் தானே கையில் எடுத்துக்கொண்ட அரசு, மக்கள் உடல்நலம் பற்றிப் பேசினால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். அதற்காக அந்தக் கோபத்தை உங்கள் தலையில் காட்டாதீர்கள்.

அரசுக்கு எல்லை உண்டா? கண்டிப்பாக உண்டு. நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், யாரைக் கல்யாணம் செய்கிறீர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்பதில் அது மூக்கை நுழைத்தால் நானும் உங்களோடு நிற்பேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஹெல்மெட் சட்டமே தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு விலக்கு தருகிறது.

ஆனால் சாலையில் நீங்கள் விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓட நாலு பேர் வேண்டும். 108 வர வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும். 2021-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகவே தருகிறார்கள். ஹெல்மெட் போடாதவருக்கும் அது கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு அப்புறம்? தலையில் அடிபட்ட பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். பேச்சு குழறி, பெற்ற பிள்ளையின் பெயர் மறந்து, வருஷக்கணக்கில் படுத்துக் கிடப்பவர்களும் அவர்களில் உண்டு. உங்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கடையையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர் உங்கள் மனைவி. 'என் இஷ்டம்' என்று முடிவெடுத்தபோது அவரிடம் கேட்டீர்களா?

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது. இவ்வளவு பலன் இருக்கும்போது, வியர்வை, முடி கொட்டுகிறது என்ற சின்னச் சிரமங்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல அரசுக்கு உரிமை உண்டு என்பதே என் கருத்து.

சட்டத்தால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. போலீஸைக் கண்டதும் டேங்க் மேலிருந்து எடுத்து மாட்டுபவரையும், தாடைக்கு வார் போடாமல் ஓட்டுபவரையும் ஒவ்வொரு தெருவிலும் நின்று யார் பார்ப்பது? அது நம் பொறுப்பு. சாலைக் குழியும் எரியாத தெருவிளக்கும் அரசின் பொறுப்பு. உங்கள் கோபத்தை அங்கே காட்டுங்கள். மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள், விடாமல் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அவள் விருப்பத்தைச் சொல்லும் வயதில் இல்லை. உங்களை நம்பித்தான் வண்டியில் ஏறுகிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவளையும் மனைவியையும் ஹெல்மெட் கடைக்கு அழைத்துப் போங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, அவள் தலையில் போட்டு ஆட்டிப் பார்த்து, நழுவாத அளவில் வாங்குங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொன்று.