ஒரே கிரேடு தார், இருவேறு குணம்

கேள்வி: எங்கள் ஊரில் ஒரே ஒப்பந்ததாரர், ‘விஜி-30’ என்ற பாகுத்தன்மைக் கிரேடு தாரைக் கொண்டே இரண்டு தவணையாகச் சாலை போட்டார். முதல் பகுதியில் சித்திரை வெயிலுக்குத் தார் கசிந்து செருப்பில் ஒட்டுகிறது. அடுத்த பகுதி இரண்டே ஆண்டில் வெளிறி, மயிரிழை வெடிப்பு விட்டுவிட்டது. கச்சா எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துத் தாரின் தரம் மாறுமா?
– வாசகர், திருமங்கலம்.

பதில்: மாறும். சாலைக்குப் போடும் தார், கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்தபின் அடியில் தங்கும் கசடு என்பதால், எண்ணெயின் பிறவிக் குணம் அதில் இருந்தே தீரும். வெனிசுவேலாவின் கனத்த எண்ணெயில் இக்கசடு மிகுதி. மெழுகு மிகுந்த இலேசான எண்ணெயிலோ கசடும் சொற்பம், கிடைப்பதும் சாலைக்கு அவ்வளவாக உகந்ததன்று. மெழுகு வெயிலில் உருகித் தாரை இளக்கும். குளிர்ந்தால் உறைந்து விறைக்கச் செய்யும். கசடுக்குள் காற்றை ஊதிக் கெட்டியாக்கும் ஆலைகளும் உண்டு. அது அளவு மீறினால் தார் சீக்கிரம் நொறுங்கும்.

அப்படியானால் இரண்டும் எப்படி ஒரே கிரேடு ஆகும்? ஐ.எஸ். 73 என்ற இந்தியத் தர நிர்ணயம் (2013) விஜி-30 தாருக்கு 60 டிகிரி செல்சியஸில் 2400 முதல் 3600 பாய்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை பாகுத்தன்மை, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை, கேட்கிறது. 25 டிகிரியில் தாருக்குள் சோதனை ஊசி இறங்கும் ஆழம் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்) 45-க்குக் குறையக்கூடாது என்கிறதே தவிர, மேல்வரம்பு வைக்கவில்லை. ஒரு தார் 47, இன்னொன்று 65 என்று காட்டினாலும் இரண்டும் தேறிவிடும். 60 டிகிரியில் ஒன்றுபோல் இளகும் அவை, 25 டிகிரியில் வெவ்வேறு விறைப்போடு நிற்கும். மேலும், தாரை மெல்லிய படலமாக்கி 163 டிகிரியில் சூடேற்றிப் பார்க்கும் சோதனை, கலவை ஆலையில் ஏற்படும் முதுமையைத்தான் காட்டும். ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டு வரும் முதுமையில்தான் மூலத்தின் வேறுபாடு வெளிப்படும் என்பது என் கருத்து.

ஆனாலும் பழி முழுவதையும் மூலத்தின்மேல் போட வேண்டாம். தார் கசிவதற்குப் பெரும்பாலும் கலவையில் தார் கூடிப்போனதே காரணம். தாரை 165 டிகிரிக்கு மேல் காய்ச்சினால், எந்த நாட்டு எண்ணெயாக இருந்தாலும் அது முன்கூட்டியே வெடிக்கும். சாலை போட்ட அலுவலகத்தில், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், இரு தவணைக்கும் உரிய ஆலைச் சோதனைச் சான்றிதழ், கலவையில் சேர்த்த தார் விகிதம், கலவை ஆலையின் வெப்பப் பதிவேடு ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். சான்றிதழில் ஆலை மாறியிருந்தால், புதிய தாருக்கு ஏற்பக் கலவை வடிவமைப்பை மறுபடி செய்தார்களா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.