மாடு கன்று வீசியதும் அப்பாவின் காய்ச்சலும்

ஏழாம் மாதச் சினையில் மாடு கன்று வீசியது (கரு கலைந்துவிட்டது), பால் கறக்கும் அப்பாவுக்கு மாலையானால் காய்ச்சல், இடுப்புவலி என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தே பாருங்கள். மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லோசிஸ் என்ற கிருமி நோயாக இருக்கலாம். அப்பாவின் டாக்டரிடம் மாட்டு விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்; பெரும்பாலும் அவர்களாகக் கேட்பதில்லை.

மாட்டுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கால்நடைப் பொதுச் சுகாதாரத் துறையே உண்டு. அங்கிருப்பவர்கள் மாட்டு நோய் மனிதருக்குத் தாவும் வழியைப் படிப்பவர்கள். இந்த நோய்க்கான ரோஸ் பெங்கால் என்ற ரத்தச் சோதனையில் ஒரு சொட்டு சீரத்தோடு (ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிந்த நீர்) சாயமேற்றிய கிருமித் திரவத்தைக் கலப்பார்கள். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் அதில் இருந்தால் நாலு நிமிடத்தில் திரிதிரியாகத் திரளும். அப்புறம் வேறொரு சோதனையில் உறுதிசெய்வார்கள்.

அதுவரை பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். இன்னொரு மாடு வீசினால் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாமல், சுண்ணாம்பு போட்டு, நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்குத் தள்ளிப் புதையுங்கள்.