பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு 20,000 ரூபாயில் எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

நீங்கள் கேட்டது இது: சேலம் அஸ்தம்பட்டியில் தங்கிப் படிக்கிறீர்கள். கையில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் உள்ள டெல் ஆப்டிப்ளெக்ஸ் டவர். வாலரண்ட், ஜிடிஏ 5, அப்புறம் புதிய கேம்கள் கொஞ்சம் விளையாட வேண்டும். கடையில் ஆர்எக்ஸ் 6600 எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

தம்பி, ஆர்எக்ஸ் 6600 அருமையான கார்டு. ஆனால் உங்கள் பெட்டிக்கு அது வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி மாடலை எடுங்கள். மிச்சம் இருப்பதை ரேமுக்கு வையுங்கள். நானும் சேலம்தான். சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் தெருவில் கேட்பவர்களுக்கும் சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுப்பவன். ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) ஆப்டிப்ளெக்ஸ் வைத்திருக்கும் மாணவர்கள் இங்கே நிறைய இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார்டைப் பற்றி யோசிக்கும் முன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கை விடுங்கள். +12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் பிராசசரும் கார்டும் பங்கு போட்டுக்கொள்ளும் வாட். மலிவான லோக்கல் எஸ்எம்பிஎஸ்களில் மேலே 450 என்று இருக்கும், கீழே பெருக்கிப் பார்த்தால் அதில் பாதிகூட வராது. உங்கள் தலைமுறை ஆப்டிப்ளெக்ஸ் டவரில் 240 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கும். நேர்மையான 240 வாட்தான், ஆனால் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் 8 பின் ஒயர் அதில் கிடையாது.

ஆர்எக்ஸ் 6600 கேட்பது 132 வாட், அதற்கு 8 பின் ஒயரும் வேண்டும். "சாட்டாவிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் ஒயர் இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் தயவு செய்து கேட்காதீர்கள். ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா முனையில் 12 வோல்ட்டில் 54 வாட்தான் எடுக்கலாம். அதற்கு மேல் இழுத்து, பிளாஸ்டிக் இளகி பின்னோடு ஒட்டிப்போன முனையை நான் பிடுங்கி எடுத்திருக்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாம் என்றால், இந்த டெல் மதர்போர்டில் வழக்கமான 24 பின் சாக்கெட் இல்லை, அதற்கும் தனியாக ஒரு மாற்று ஒயர் தேட வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ், ஒயர், கார்டு எல்லாம் சேர்ந்தால் 20,000-க்குள் அடங்காது.

ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 2024 பிப்ரவரியில் வந்தது. 70 வாட்தான் எடுக்கும். போர்டின் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் தனி ஒயர் தேவையில்லை. சொருகி, டிரைவர் போட்டால் ஓடும். இங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இதே 3050 பெயரில் 2022-இல் வந்த 8 ஜிபி மாடலும் இருக்கிறது. அது 130 வாட், ஒயர் கேட்கும். கடையில் "3050 கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 6 ஜிபி என்று சொல்லி, அட்டைப்பெட்டியில் படித்துப் பார்த்து, பவர் சாக்கெட் இல்லாத மாடல்தானா என்பதையும் பார்த்து வாங்குங்கள். உங்களுடையது டவர் இல்லாமல் ஒல்லியான ஆப்டிப்ளெக்ஸாக இருந்தால் லோ புரொஃபைல் மாடல் வேண்டும். முழு உயரக் கார்டு அதற்குள் நிற்காது.

வேகத்தில் 6600 தெளிவாக முன்னால் நிற்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் ஐ5-இல் நாலு கோர், நாலு த்ரெட்தான், அதாவது ஒரே நேரத்தில் நாலு வேலைதான் ஓடும். புதிய கேம்களில் பிராசசர் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது கார்டு பாதி நேரம் சும்மா இருக்கும். ஓராண்டுக்குள் புது சிஸ்டமே போடும் எண்ணம் இருந்தால் கதை வேறு. அப்போது இந்தப் பணத்தைத் தொடாமல் வைத்து, போர்டு, எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்து 6600 வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இந்த விலையில் காட்டக்கூடிய மற்றவை: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 இரண்டும் வேண்டாம். 4 ஜிபி மெமரி, போர்டோடு டேட்டா பரிமாறும் பாதைகளான பிசிஐஇ லேன் நாலுதான். மெமரி நிரம்பியதும் கார்டு சிஸ்டம் ரேமிலிருந்து டேட்டாவை இழுக்கும். உங்கள் போர்டு பிசிஐஇ 3.0 என்பதால் அந்த வழி நொடிக்கு 4 ஜிபிதான், கேம் திக்கித் திக்கி ஓடும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே தடவையில் அணுகும் வசதி) வேண்டும், ஆறாம் தலைமுறையில் அது இல்லை. ஜிடிஎக்ஸ் 1650 கிடைத்தால் ஓடும். ஆனால் 4 ஜிபி, டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கி வேகம் கூட்டும் வசதி) கிடையாது, ரே டிரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டு வரைவது) கட்டாயம் என்று வரும் புதிய கேம்கள் திறக்கவே திறக்காது. ஜிடி 730 கேம் கார்டே இல்லை, மானிட்டரில் படம் வருவதற்கானது.

செகண்ட் ஹேண்ட் வாங்க ஆசை இருந்தால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060-ஐ இனித் தொடாதீர்கள். அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் பெரும்பாலும் கிரிப்டோ மைனிங்கில் உழைத்து ஓய்ந்தவை வரும். 185 வாட் என்பதால் உங்களுக்குப் பயன்படாது. நண்பர்கள் யாராவது வாங்கினால் ஜிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு யூனிட்) எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். 2304 இருந்தால் அசல், 2048 இருந்தால் குறைத்து விட்ட மாடல். அரை மணி நேரமாவது கேம் ஓடிப் பார்த்த பிறகே பணம் கைமாற வேண்டும்.

விலைக்காக பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போகலாம் என்று தோன்றும். பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் சேலத்திலேயே வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதி வாங்கி, வாரண்டிக்கு அனுப்பும் வேலையைக் கடைக்காரரே பார்ப்பாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

மிச்சப் பணத்தில் ரேமை 16 ஜிபி ஆக்குங்கள். 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் இன்னொரு 8 போட்டு இரண்டாக்கினாலே வாலரண்டில் வித்தியாசம் தெரியும். சில ஆப்டிப்ளெக்ஸ்களில் டிடிஆர்3எல், சிலவற்றில் டிடிஆர்4. ஏற்கெனவே இருக்கும் ஸ்டிக்கைக் கழற்றிக் கடைக்கே கொண்டு போங்கள். ரேம் விலை ஏறிக் கிடப்பதால் இதில் மட்டும் பழையது வாங்கத் தயங்க வேண்டாம்.

சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ கார்டும் ஏறத்தாழ அத்தனை டிகிரி ஏறும். ஏற்காட்டில் இருப்பவருக்குக் கிடைக்கும் கார்டு வெப்பநிலையோடு உங்களுடையதை ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

மானிட்டர் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பழைய ஆபீஸ் மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால், புதிய கார்டில் விஜிஏ சாக்கெட் இருக்காது, எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கார்டு போட்ட பிறகு மானிட்டர் ஒயரைப் போர்டில் இருக்கும் சாக்கெட்டில் செருகாமல், கார்டின் சாக்கெட்டில் செருகுங்கள்.