சின்னக் காரில் சைக்கிள் கேரியர்: சலானும் நஷ்ட ஈடும்

கேள்வி: எங்களிடம் இருப்பது ஆல்டோ கே10. நானும் மகனும் விடுமுறை நாட்களில் சைக்கிள் ஓட்டுபவர்கள். டிக்கிக் கதவில் பட்டைகளால் இழுத்துக் கட்டும் சைக்கிள் கேரியர் ஒன்றை இணையத்தில் வாங்கி, இரண்டு சைக்கிள்களையும் அதில் மாட்டிக்கொண்டு ஊட்டிக்குப் புறப்பட்டோம். வழியில் நடந்த தணிக்கையில், நம்பர் பிளேட் மறைந்திருக்கிறது என்று நிறுத்தினார்கள். ஆனால் வாகனத்தில் அனுமதியில்லாத மாற்றம் செய்ததாகப் பிரிவு 182ஏ(4)-இன் கீழ் 5,000 ரூபாய்க்குச் சலான் வந்திருக்கிறது. திரும்பும்போது கேரியரின் கொக்கி பிளந்து, சைக்கிள் சரிந்து, டிக்கிக் கண்ணாடி உடைந்தது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று விற்றவர் கைவிரிக்கிறார். அபராதத்தைக் கட்டியே ஆக வேண்டுமா? நஷ்ட ஈடு கிடைக்குமா? இனி எந்த வகைக் கேரியர் வாங்கினால் சிக்கல் வராது?
– வாசகர், கோவை

பதில்: உங்களை நிறுத்திய காரணம் ஒன்று, சலானில் எழுதிய குற்றம் வேறொன்று. இதைப் பிரித்துப் பார்த்தால்தான் எதை ஒப்புக்கொள்வது, எதை எதிர்ப்பது என்பது விளங்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே வலியுறுத்தியது. தணிக்கைகளில் இந்தப் பிரிவு இப்போது தாராளமாகப் பயன்படுவதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஆனால் எது மாற்றம் என்பதை அதே பிரிவின் விளக்கம் வரையறுக்கிறது: வாகனத்தின் கட்டமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படை அம்சத்தையே மாற்றுவதுதான் மாற்றம். துளை போடாமல், வெல்டிங் வைக்காமல், கட்டி அவிழ்க்கக்கூடிய ஒரு கேரியர் இந்த வரையறைக்குள் வராது என்பதே என் கருத்து. 2017 டிசம்பரில் மத்திய அரசு இதே பிரிவைச் சொல்லித் தடுக்கச் சொன்ன முன்பக்க இரும்புக் காப்புகளோடு இதை ஒப்பிடுவதும் பொருந்தாது. அவை போல்ட் போட்டு வாகனத்தோடு நிலையாகப் பிணைக்கப்படுபவை.

ஆகவே 5,000 ரூபாயைச் செலுத்தாமல், நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கு உங்களிடம் நியாயமான காரணம் இருக்கிறது. கேரியரின் பில், அதை மாட்டும் முறையைக் காட்டும் குறிப்பேடு, கேரியர் இல்லாத நிலையில் டிக்கிக் கதவில் எந்தத் துளையும் இல்லை என்று காட்டும் படங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இணக்கக் கட்டணமாக, அதாவது வழக்கில்லாமல் முடித்துக்கொள்ளும் தொகையாக, பணத்தைக் கட்டிவிட்டால் விவகாரம் அத்தோடு முடிந்துவிடும். பிறகு வாதாட இடமிருக்காது.

நம்பர் பிளேட் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இல்லை. பதிவெண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் கட்டளை. மறைத்தது சைக்கிள் சக்கரமா, சேறா என்று விதி பார்ப்பதில்லை. பொதுவான 177ஆம் பிரிவின்படி இதற்கு முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய். நீதிமன்றத்தில் இதை ஒப்புக்கொண்டு, மற்றதை மட்டும் எதிர்ப்பது உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கூட்டும். பதிவெண்ணை ஓர் அட்டையில் எழுதிச் சைக்கிளின் மேல் தொங்கவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வெளிநாட்டுக் காணொளிகளில் அப்படிப் பார்த்திருப்பார்கள். இங்கே உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகைதான் செல்லும். கையால் எழுதிய நகல் அதற்கு ஈடாகாது.

நீங்கள் கேட்காத ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஆல்டோ கே10-இன் அகலம் 1,490 மில்லிமீட்டர். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர். அதைப் பின்புறம் குறுக்காக மாட்டினால் இருபுறமும் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்களை ஒட்டி முந்த முயலும் இருசக்கர வாகன ஓட்டியின் முழங்கைக்கு அது போதும். சுமை வாகனத்தின் பக்கவாட்டைத் தாண்டி நீண்டால், 2019 திருத்தத்தில் வந்த 194(1ஏ) பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவும் உங்களுடையதே. அந்தப் பிரிவு உங்கள் சலானில் இல்லை. என்றாலும் எதிர்க்க முடிவெடுக்கும் முன் சலானோடு உள்ள படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.

அடுத்த கேரியரைத் தேர்வதற்கும் இந்த அளவுதான் முதல் அளவுகோல். டிக்கிக் கேரியர்தான் வேண்டுமென்றால், முன் சக்கரங்களைக் கழற்றி மாட்டுங்கள். நீளம் காரின் அகலத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் பதிவெண்ணும் பின் விளக்குகளும் மறையாத அளவு உயரமாகத் தாங்கும் வகை சின்னக் காருக்கு எளிதில் அமைவதில்லை. மேல் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் ஸ்பாய்லரில் கொக்கி மாட்டுவதோ வம்பை விலைக்கு வாங்குவது. காரின் அடியில் சட்டம் பொருத்தி, இழுவைக் கொக்கியில் மாட்டும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அடிச்சட்டகத்தில் போல்ட் இறங்கிவிட்டால், மேலே நான் சொன்ன "இது கட்டமைப்பு மாற்றமல்ல" என்ற வாதம் வலுவிழந்துவிடும். சட்டக் கண்ணோடு பார்த்தால் கூரைக் கேரியரே மேல். பதிவெண், விளக்கு, பக்கவாட்டு மூன்றுக்கும் அதனால் இடையூறு இல்லை. கார் கையேட்டில் கூரைச் சுமைக்கு என்ன வரம்பு தந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்து, குறுக்குக் கம்பிகளின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கியர் சைக்கிள்கள் இரண்டே 25 முதல் 30 கிலோ வரை வரும். பின் இருக்கையை மடக்கி, சக்கரங்களைக் கழற்றி, காருக்குள்ளேயே வைக்க முடிகிறதா என்றும் ஒருமுறை முயன்று பாருங்கள். முடிந்தால் செலவும் இல்லை, சலானும் இல்லை.

உடைந்த கண்ணாடிக்கு வருவோம். திருப்பி அனுப்பும் கெடு என்பது விற்பவர் வகுத்துக்கொண்ட வணிக ஏற்பாடு. குறைபாடுள்ள பொருளுக்கு நிவாரணம் கேட்கும் சட்ட உரிமையை அது பறிக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை; நீங்களே நேரில் வாதாடலாம். குறைபாடுள்ள பொருளால் பிற உடைமைக்கு நேர்ந்த சேதத்துக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்று 84ஆம் பிரிவு சொல்கிறது. உற்பத்தியாளர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாத நிலையில் 86ஆம் பிரிவு விற்றவரைப் பிடிக்கிறது. இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உறையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பு, நீங்கள் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்று 87ஆம் பிரிவைப் பிடித்துக்கொள்ளும். குறிப்பேட்டில் எத்தனை கிலோ என்று இருந்தது, நீங்கள் எவ்வளவு ஏற்றினீர்கள், "எல்லாச் சின்னக் கார்களுக்கும் பொருந்தும்" என்பது போன்ற வாசகம் விற்பனைப் பக்கத்தில் இருந்ததா என்பவற்றைப் பொறுத்தே வழக்கு நிற்கும். அந்தப் பக்கத்தை மாற்றிவிடுவதற்கு முன் இன்றே படமெடுத்து வையுங்கள். பதினைந்து நாள் அவகாசம் தந்து பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். பிளந்த கொக்கியைக் கேட்டு விற்றவர் ஆள் அனுப்பினால் கொடுக்காதீர்கள். தேவைப்பட்டால் அதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு 38ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது.