செயல்மிகு கரு தன் விண்மீன் மண்டலத்தின் வாயுவை எவ்வாறு பாதிக்கிறது?

பெரிய விண்மீன் மண்டலங்கள் ஏறத்தாழ அனைத்தின் மையத்திலும், சூரியனைப் போலப் பல லட்சம் முதல் பல நூறு கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. அதை நோக்கிச் சுழன்று விழும் வாயு கடுமையாகச் சூடேறிப் பேரொளி வீசும்போது, அந்த மையப் பகுதியைச் செயல்மிகு கரு என்கிறோம்.

இதன் வலிமைக்குக் காரணம் ஆற்றல் கணக்கில் இருக்கிறது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும் அணுக்கரு இணைவில் நிறையின் 0.7 சதவீதமே ஆற்றலாகிறது. கருந்துளையை நோக்கி விழும் பொருளிலோ சுமார் 10 சதவீதம் வரை ஆற்றலாக வெளிப்படக்கூடும். அந்த ஆற்றல் காற்றுகளாகவும், ஒளியின் வேகத்தை நெருங்கும் தாரைகளாகவும் பாய்ந்து, சுற்றியுள்ள வாயுவில் ஒரு பகுதியை வெளியே தள்ளுகிறது, எஞ்சியதைச் சூடாக்குகிறது.

விண்மீன்கள் பிறக்க வாயு குளிர்ந்து திரள வேண்டும். சூடு தணியாதவரை நீராவி துளியாகத் திரளாததைப் போல, சூடான வாயு விண்மீனாகச் சுருங்குவதில்லை. பெர்சியஸ் என்னும் விண்மீன் மண்டலக் கொத்தின் நடுவிலுள்ள என்ஜிசி 1275 மண்டலத்தின் தாரைகள் சூடான வாயுவில் பிரம்மாண்டமான குழிகளைத் தோண்டியிருப்பதைச் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி தெளிவாகக் காட்டியுள்ளது. நான் மிக வியக்கும் சான்று இதுவே. எனினும் விளைவு எப்போதும் தடையாக அமைவதில்லை. சென்டாரஸ் ஏ மண்டலத்தில் தாரை வாயுவை அழுத்தி, புதிய விண்மீன்கள் பிறக்கவும் தூண்டியிருக்கிறது.

கருந்துளை விழுங்கிய வாயுவையே மீண்டும் உமிழ்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வெளியேறும் பொருள் முழுவதும், உள்ளே போனால் எதுவும் திரும்ப முடியாத கருந்துளையின் எல்லைக்கு வெளியிலிருந்தே கிளம்புகிறது.