டிஷ் ஸ்விட்ச் மாறவில்லையா? ரிசீவரை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: எங்கள் மாடியில் டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்காக ஒரு சிறிய டிஷ்ஷும், சி-பேண்ட் எனும் அலைவரிசைக்கான 6 அடி டிஷ் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே ரிசீவரில் பார்க்க நான்கு போர்ட் (கேபிள் செருகும் வாய்) உள்ள டைசெக் ஸ்விட்ச் போட்டோம். ரிசீவர் சொல்லும் போர்ட்டுக்கு அது மாற வேண்டும். சிறிய டிஷ் சேனல்கள் வருகின்றன. பெரிய டிஷ்ஷுக்குப் போனால் ‘சிக்னல் இல்லை’ என்கிறது. ரிசீவர் பழுது, புதிது வாங்குங்கள் என்கிறார் டெக்னீஷியன். வாங்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இப்போது வாங்காதீர்கள். பத்து நிமிட வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாமல் ரிசீவர் மீது பழி போடுவது சரியில்லை.

மாடிக்குப் போகும் ஒற்றைக் கேபிளில் ரிசீவர் மூன்று வகையாகக் கட்டளை அனுப்புகிறது. முதலாவது, மின்னழுத்தம். 13 வோல்ட் கொடுத்தால் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் அலைகளைப் பிடிக்கும் கருவி) செங்குத்து அலைகளை எடுக்கும், 18 வோல்ட் என்றால் கிடைமட்ட அலைகளை எடுக்கும். இரண்டாவது, 22 கிலோஹெர்ட்ஸ் டோன். இரண்டு அலைவரிசைப் பட்டைகளை எடுக்கும் யுனிவர்சல் எல்.என்.பி.யில் இந்த டோன் வந்தால் மேல் பட்டை, வராவிட்டால் கீழ்ப் பட்டை. மூன்றாவதுதான் டைசெக். அதே டோனை விட்டுவிட்டு அனுப்பி, தந்தி அடிப்பதுபோல் ஒரு செய்தியை ரிசீவர் சொல்கிறது. ஒரு துடிப்புக்கு ஒன்றரை மில்லிசெகண்ட். டோன் நீண்டு ஒலித்தால் 0, சுருங்கி ஒலித்தால் 1. ‘இரண்டாம் போர்ட்டுக்கு மாறு’ என்ற முழுக் கட்டளைக்கும் 36 துடிப்புகள், 54 மில்லிசெகண்ட். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். வீடுகளில் பொதுவாக இருக்கும் 1.0, 1.1, 1.2 வகை டைசெக் எல்லாம் ஒருவழிப் பேச்சு. ரிசீவர் சொல்லும், பதில் கேட்காது. திரையில் ‘எல்.என்.பி. 2’ என்று தெரிவதால் ஸ்விட்ச் இரண்டாம் போர்ட்டுக்கு மாறிவிட்டது என்று நம்ப முடியாது. சிக்னல் பட்டை எழுகிறதா என்பது ஒன்றே சான்று.

முதலில் மெனுவைப் பாருங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் போர்ட் தனித்தனியாகக் குறிக்கப்பட வேண்டும். ஃப்ரீ டிஷ் செயற்கைக்கோள் வானில் நிற்கும் இடமான 93.5 டிகிரி கிழக்குக்கு ஏ போர்ட் போட்டுவிட்டு, பெரிய டிஷ்ஷின் செயற்கைக்கோளுக்கும் ஏ என்றே விட்டிருப்பார்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்குமேல் இந்தத் தவறுதான். கூடவே எல்.என்.பி. வகையையும் பாருங்கள். மெனுவில் எல்.என்.பி. அலைவரிசை எண், சி-பேண்டுக்கு 5150, சிறிய டிஷ்ஷின் கேயூ பேண்ட் யுனிவர்சலுக்கு 9750/10600 என்று இருக்க வேண்டும்.

மெனு சரியாக இருந்தால் மாடிக்குப் போங்கள். அதற்குமுன் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மின்சாரம் ஓடும்போது கேபிளைக் கழற்றி நடுக்கம்பி வெளி வலையில் பட்டால், நல்ல ரிசீவரும் கெட்டுவிடலாம். பெரிய டிஷ் கேபிளை ஸ்விட்சிலிருந்து எடுத்து, கீழே வரும் கேபிளோடு ஒரு ஜாயிண்டரால் நேராக இணையுங்கள். மெனுவில் டைசெக்கை நிறுத்திவிட்டுப் பாருங்கள். படம் வந்தால் டிஷ், எல்.என்.பி., கேபிள் மூன்றும் நலம். வராவிட்டால் கோளாறு ஸ்விட்சுக்கு அப்பால், பெரிய டிஷ் பக்கம் இருக்கிறது.

படம் வந்தால் அடுத்த சோதனை: மறுபடி பிளக்கைப் பிடுங்கி, கீழே வரும் கேபிளை ஸ்விட்சிலேயே மாட்டி, இரண்டு டிஷ் கேபிள்களையும் இடம் மாற்றிச் செருகுங்கள். மெனுவில் டைசெக்கை மீண்டும் இயக்கி, போர்ட்டையும் மாற்றுங்கள். இப்போது பெரிய டிஷ் வந்து சிறியது போய்விட்டால், ஏ போர்ட் மட்டும் வேலை செய்கிறது என்று பொருள். சி, டி போர்ட்களையும் முயலுங்கள். அவற்றில் ஒன்று வேலை செய்தால் பி மட்டும் கெட்டிருக்கிறது. எதுவும் வராவிட்டால், கட்டளை வராதபோது பல ஸ்விட்சுகள் ஏ-யிலேயே நிற்கும் என்பதை நினைவில் கொண்டு, முதலில் ஸ்விட்சை மாற்றிப் பாருங்கள். ரிசீவர் விலையில் அது சிறு பங்கு. நல்லது என்று உறுதியான புது ஸ்விட்சும் ஏ-யிலேயே நின்றால் மட்டும் ரிசீவரைச் சந்தேகப்படுங்கள்.

கழற்றிய கனெக்டரின் உள்ளே ஒருமுறை பாருங்கள். முடி அளவு வலைக்கம்பி ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது செம்பு பச்சை பூத்திருக்கும். ஸ்விட்சின் வாய் மேல்நோக்கி இருந்தால் ஒரே மழையில் தண்ணீர் இறங்கிவிடும். வாய் கீழ்நோக்கி, மூடியோடு, டிஷ்ஷின் நிழலில் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் சாதாரண ஸ்விட்சும், ‘எச்.டி. ஸ்விட்ச்’ என்று இரண்டு மடங்கு விலையில் ஒன்றும் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? (வாசகி, கரூர்)

பதில்: தன் வழியே போவது எச்.டி. சேனலா, சாதாரண சேனலா என்று ஸ்விட்சுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருக்கிறதா, மழை மூடி இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு என்று ‘22கே ஸ்விட்ச்’ ஒன்றையும் நீட்டுவார்கள். அது டோனை வைத்தே போர்ட் மாற்றும். யுனிவர்சல் எல்.என்.பி.யும் அதே டோனை வைத்துப் பட்டை மாற்றுவதால் இரண்டும் மோதிக்கொள்ளும். பில் கேட்டு வாங்குங்கள். பழுதான பொருளைக் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: 90 செ.மீ. டிஷ்ஷுக்கு மோட்டார் வாங்க ஆசை. என் ரிசீவரில் ‘டைசெக் 1.2’, ‘யூசல்ஸ்’ என்று இரண்டு இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது? என் 6 அடி டிஷ்ஷையும் அதே மோட்டார் திருப்புமா? (வாசகர், மதுரை)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில்: திருப்பாது. ரிசீவரின் கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் மோட்டார், உங்கள் 90 செ.மீ. போன்ற சிறிய டிஷ்ஷுக்கானது. 6 அடி டிஷ்ஷுக்கு 36 வோல்ட் ஆக்சுவேட்டரும் (டிஷ்ஷைத் தள்ளித் திருப்பும் மோட்டார் தண்டு), அதை இயக்கத் தனிப் பொசிஷனர் பெட்டியும் வேண்டும்.

டைசெக் 1.2 முறையில் நீங்களே ஒவ்வொரு செயற்கைக்கோளாகத் தேடிப் பிடித்துப் பதிய வேண்டும். அந்த நினைவு மோட்டாருக்குள் இருக்கும். ‘5-ஆம் இடத்துக்குப் போ’ என்று மட்டும் ரிசீவர் சொல்லும். யூசல்ஸ் முறையில், உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் ரிசீவரே கோணத்தைக் கணக்கிட்டு அனுப்பும். மதுரைக்கு 9.9 வடக்கு, 78.1 கிழக்கு. கிழக்கு என்பது மேற்கு என்று இருந்துவிட்டால் டிஷ் எங்கேயோ போய் நிற்கும். யூசல்ஸ் உள்ள ரிசீவர் கையில் இருக்கும்போது அதையே பயன்படுத்துங்கள், மோட்டாரும் அதை ஏற்கும் என்று அட்டையில் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

மதுரைக்கு இன்னொரு விஷயம் முக்கியம். நேர் தெற்கே 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிய செயற்கைக்கோள் உங்களுக்கு ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே, தொடுவானத்திலிருந்து 78 டிகிரி உயரத்தில் இருக்கிறது. மோட்டாரின் அச்சு தரையிலிருந்து 10 டிகிரிதான் சாய்ந்திருக்கும், கிட்டத்தட்டப் படுத்த நிலை. பனி நாடுகளுக்காகச் செய்த மோட்டாரின் அட்சரேகை அளவுகோல் 10 வரை இறங்குகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இறங்காவிட்டால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். ரிசீவர் எவ்வளவு மின்சாரம் தரும் என்பதையும் பாருங்கள். எல்.என்.பி.யும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போது 400, 500 மில்லிஆம்பியர் தேவைப்படலாம். கேபிள் மெலிந்து நீண்டிருந்தால் மோட்டார் பாதியில் நின்றுவிடும். 13 வோல்ட்டில் மெதுவாகவும் 18-இல் வேகமாகவும் திரும்புவது பழுதில்லை, அதன் இயல்பு.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். 83, 93.5 டிகிரி என்று வானில் இரண்டே இடங்கள் போதும் என்றால் மோட்டார் வேண்டாம். இன்னொரு சிறிய டிஷ்ஷும் ஒரு ஸ்விட்சும் செலவு குறைவு, நகரும் பாகமும் இல்லை. வானத்தையே துழாவிப் பார்க்கும் ஆர்வம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். முதல்முறை திருப்பும்போது ஒருவர் மாடியில் நிற்கட்டும். தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் மோட்டாருக்குத் தெரியாது.

கேள்வி: ஒரு கேபிளை ஸ்பிளிட்டரால் பிரித்து இரண்டு அறைகளில் இரண்டு ரிசீவர் வைத்தோம். ஒன்றில் சேனல் மாற்றினால் மற்றொன்றில் படம் போய்விடுகிறது. (வாசகி, தேனி)

பதில்: ஒரு ரிசீவர் 13 வோல்ட் கேட்கிறது, மற்றது 18 கேட்கிறது. ஒற்றை வாய் எல்.என்.பி. ஒருவருக்குத்தான் கீழ்ப்படியும். இரட்டை வாய் எல்.என்.பி. வாங்கி, ஒவ்வொரு அறைக்கும் தனிக் கேபிள் இறக்குங்கள். ஸ்பிளிட்டரை எடுத்துவிடலாம்.